கூலிப்படையும் சிறு நாடுகளும்

1981ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், இந்து சமுத்திரத்திலுள்ள சீஷெல்ஸ் தீவில் உல்லாசப் பிரயாணிகள்போற் சிலர் விமானத்தில் வந்திறங்கினர். அவர்தம் பைகளில் மேலே விளையாட்டுப் பொம்மைகள், அடியிலே துப்பாக்கிகள். ஆட்சியைக் கவிழ்க்க வந்த கூலிப்படையினர் அவர்கள். சுங்கப் பரிசோதனையில் ஒரு துப்பாக்கி அகப்படவே, சூழ்ச்சி வெளிப்பட்டது. இந்திய விமானமொன்றைக் கடத்தி அவருட் பெரும்பாலோர் டர்பனுக்குத் தப்பினர்.

கூலிப்படை திரட்டலைத் தடுக்கும் உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றது. ஆயினும், 22 நாடுகளின் இசைவு வேண்டியிருந்தமையால், 2001இலேயே அது நடைமுறைக்கு வந்தது.

கூலிக்குக் கொல்வோனால் வதையுண்டவர் எந்த நாட்டு வாயிலில் நீதி கேட்பது? 2005இல் அமைந்த ஐவர் செயற்குழு இதனை ஆராய்கின்றது. சட்டம் ஏட்டிலிருந்தாற் போதாது. தத்தம் மண்ணில் ஆள்திரட்டலை அரசுகள் தடுத்தாலன்றிச் சிறு நாடுகளுக்கு அமைதியில்லை.