கையெழுத்துக்கு முன் ஒரு நிமிடம்: ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஒப்பந்தச் சட்டமும் நாமும்

(கண்டியில் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்காக நடந்த ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ஹந்தானைப் பக்கத்திலிருந்து கிடைத்த ஒரே ஓய்வு நாளையும் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

எங்கள் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இரண்டு கிழமையாக வரவில்லை. லயத்துக்குப் போய்ப் பார்த்தோம். வீட்டில் ஆளிருந்தும் கதவு சாத்தியிருந்தது. பக்கத்துக் காம்பராக்காரி வாங்கிய 40,000 ரூபாய்க் கடனுக்கு அந்தப் பிள்ளையின் தாய் பிணைக் கையெழுத்துப் போட்டிருந்தார். கடன் வாங்கியவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். கடன் கொடுத்தவருடைய ஆள் இப்போது முதலும் வட்டியுமாக 1,10,000 ரூபாய் கேட்டு இந்தத் தாயின் வாசலில் நிற்கிறார். வெட்கத்தில் தாய் கதவைச் சாத்திக்கொண்டார். பிள்ளையையும் வெளியே விடவில்லை.

அந்தக் கடதாசியை வாங்கிப் பார்த்தோம். முழுவதும் ஆங்கிலம். கையெழுத்து மட்டும் தமிழ். "யாரிடமும் காட்டவில்லையா அம்மா?" என்று கேட்டோம். "உங்களிடம்தான் காட்டினேன் சேர். வழமையான கடதாசிதான், போடுங்கள் என்று சொன்னீர்களே" என்றார். உண்மைதான். பாடசாலை விட்ட அவசரத்தில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அப்படிச் சொல்லியிருக்கிறோம். அன்றைக்குத்தான் இந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது.

ஒப்பந்தம் என்றால் என்ன, அது எப்போது கட்டும், எப்போது கட்டாது என்பதற்கு நம் நாட்டில் அடிப்படையாக இருப்பது ரோமன் டச்சுச் சட்டம். பழைய ரோமாபுரிச் சட்டமும் ஒல்லாந்து நாட்டு வழக்கமும் சேர்ந்து உண்டானது. அதை ஒழுங்காக எழுதிவைத்தவர்களில் முதன்மையானவர் ஹூகோ குரோஷியஸ். அரசியல் காரணத்துக்காக ஆயுள் சிறையில் போடப்பட்டவர், சிறைக்குள் இருந்தபடியே ஒல்லாந்துச் சட்டத்துக்கு ஒரு நூல் எழுதினார். 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். நூல் 1631இல் அச்சானது.

ஒல்லாந்தர் இந்த மலைநாட்டை ஆண்டதே இல்லையே, அவர்களுடைய சட்டம் கண்டிக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அவர்களிடமிருந்து கரையோரத்தைப் பிடித்த ஆங்கிலேயர், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அங்கே இருந்த சட்டத்தை அப்படியே தொடரவிட்டார்கள். 1815இல் கண்டி இராச்சியம் அவர்கள் கைக்கு வந்தது. பிறகு 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கண்டிச் சட்டத்தில் விடை இல்லாத விஷயங்களுக்குக் கரையோரத்துச் சட்டத்தைப் பார்க்கலாம் என்றது. கண்டிச் சட்டம் கண்டிச் சிங்களவருக்கு. தேசவழமை யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு. தோட்டத்தில் இருக்கும் நமக்கு இரண்டும் இல்லை. நாம் செய்யும் ஒப்பந்தத்துக்குப் பொதுச் சட்டமே பேசும். வியாபார விஷயங்கள் பலவற்றில் ஆங்கிலச் சட்டமும் கலந்திருக்கிறது.

இனி ஒப்பந்தம் கட்டுவதற்கு என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, இரண்டு மனமும் ஒரே விஷயத்தில் சேர வேண்டும். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் அதற்குச் சம்மதிக்க வேண்டும். காலையில் பிரட்டுக் களத்தில், "இன்றைக்குக் கொந்தரப்பு, கிலோவுக்கு இவ்வளவு" என்று கணக்கப்பிள்ளை சொல்கிறார். நாம் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறோம். அங்கேயே ஒப்பந்தம் ஆகிவிட்டது. பின்னேரம் தராசடியில் நின்று, "துரை விலையைக் குறைக்கச் சொன்னார்" என்றால் அது செல்லாது. செய்த ஒப்பந்தத்தை ஒரு பக்கம் மட்டும் மாற்ற முடியாது.

இரண்டாவது, நியாயமான காரணம் வேண்டும். ஆங்கிலச் சட்டத்தில், நீ எனக்கு ஒன்று தந்தால்தான் நான் தந்த வாக்கு என்னைக் கட்டும். கைம்மாறு இல்லாத வாக்கை அங்கே நீதிமன்றம் பார்க்காது. ரோமன் டச்சுச் சட்டம் அவ்வளவு கறாரானதல்ல. 1918இல் ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய என்ற இலங்கை வழக்கில், இங்கே தேவைப்படும் காரணம் ஆங்கிலேயரின் கைம்மாறைவிட விரிந்தது, மனச்சாட்சிக் கடமையும் காரணமாகலாம் என்று லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. மனமறிந்து கொடுத்த வாக்குக்கு மதிப்புண்டு என்பதுதான் இதன் சாரம்.

மூன்றாவது, ஒப்பந்தம் செய்பவருக்குத் தகுதி வேண்டும். 1989 முதல் நம் நாட்டில் பராய வயது 18. நான்காவது, செய்யும் காரியம் சட்டத்துக்கு மாறானதாக இருக்கக் கூடாது.

ஐந்தாவது, எழுத்து. பலர் நினைப்பதுபோல எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. வாய்ப்பேச்சும் கட்டும். ஆனால் காணி விஷயம் வேறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கைச்சாத்திட வேண்டும். "இந்த ஏழு பேர்ச் உனக்குத்தான், வேலி போட்டுக்கொள்" என்று யார் சொன்னாலும், அந்தச் சொல்லை வைத்து நீதிமன்றத்தில் காணி கேட்க முடியாது. உறுதி கையில் வர வேண்டும்.

ஒப்பந்தம் எப்போது உடையும்? பொய் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தால், மிரட்டி வாங்கியிருந்தால், தன் செல்வாக்குக்குள் இருக்கும் ஒருவரைத் தவறாக வளைத்து வாங்கியிருந்தால், அந்த ஒப்பந்தத்தை நீக்கும்படி கேட்கலாம். ஆனால் விஷயம் தெரிந்த பிறகும் பேசாமல் இருந்து, அதில் வரும் பலனையும் வாங்கிக்கொண்டிருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே எடுப்பார்கள். "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்பது மட்டும் போதாது. என்ன சொல்லி நம்மிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்பதைக் காட்ட வேண்டும்.

இப்போது அந்தத் தாயின் கடதாசிக்கு வருவோம். பிணைக்காரருக்கு ரோமன் டச்சுச் சட்டம் இரண்டு பாதுகாப்புத் தருகிறது. ஒன்று, முதலில் கடன் வாங்கியவரைப் பிடி, அவருடைய உடைமையில் தேடு, கிடைக்காவிட்டால் பிறகு என்னிடம் வா என்று பிணைக்காரர் சொல்லலாம். இரண்டு, பிணை நின்றவர்கள் பலர் என்றால், என் பங்கை மட்டும் என்னிடம் கேள் என்று சொல்லலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடதாசியின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: பிணைக்காரர் இந்த இரண்டு உரிமையையும் கைவிடுகிறார், கூட்டாகவும் தனியாகவும் முழுக்கடனுக்கும் பொறுப்பேற்கிறார் என்று. நாங்கள் பார்க்காமல் விட்டது அந்த மூன்றாம் பக்கத்தைத்தான். கடன் கடதாசிகளில் இந்த வரி வழமையாக வருகிறது. நீங்கள் முதலில் தேட வேண்டிய வரியும் இதுதான்.

இலவச சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் ஒரு நிலையம் இருக்கிறது. தாயை அங்கே அழைத்துப் போனோம். சட்டத்தரணி ஒரு விஷயத்தைக் காட்டினார். அதே 1852ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அறவிடும் வட்டி முதலைத் தாண்டக் கூடாது. இதுவும் ரோமன் டச்சு வழி வந்த விதிதான். 40,000 ரூபாய் முதலுக்கு 70,000 ரூபாய் வட்டி நிற்காது. வங்கிகளுக்கும் பதிவுபெற்ற கடன் நிறுவனங்களுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு என்பதால் ஒவ்வொரு கடதாசியையும் தனித்தனியாகக் காட்டித்தான் கேட்க வேண்டும். இவர் தனி ஆள். விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. 64,000 ரூபாய் தவணையில் கட்டுவதென்று முடிந்தது. பாதியைக் கொழும்பில் இருப்பவர் அனுப்புகிறார். மறு பாதி இந்தத் தாயின் கொழுந்துக் காசிலிருந்து போகிறது. தான் ஒரு சதமும் தொடாத கடனுக்கு அவர் கட்டுகிறார். பிள்ளை பாடசாலைக்கு வருகிறது. இதை வெற்றி என்று உங்களிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

தோழர்களே, ஒப்பந்தச் சட்டம் இரண்டு பக்கமும் சுயமாக, சமமாகப் பேசிச் சம்மதிப்பதாக எடுத்துக்கொள்கிறது. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் அந்தச் சமம் எங்கே இருந்தது? கடனோடு கங்காணி கூட்டி வந்தார். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வேலையை விட்டுப் போனால் சிறை. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். அந்தத் துண்டில் கடன் கணக்கு இருக்கும். கடனை யார் கட்டுகிறாரோ அவருக்கு ஆள். 1921இல்தான் துண்டு ஒழிந்தது.

வெறும் சம்மதத்தை வைத்து ஏழைக்கு நியாயம் கிடைக்காது என்று கண்டபடியால்தான் பிறகு வேறு சட்டங்கள் வந்தன. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் குறைந்தபட்சச் சம்பளம் தீர்மானிக்கப்பட்டால், அதற்குக் குறைவாக வாங்கச் சம்மதம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வந்தது இந்த வழியில்தான். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் கூட்டு ஒப்பந்தம் செய்தால், அதிலுள்ளவை அதில் அடங்கும் ஒவ்வொரு தொழிலாளியின் தனி ஒப்பந்தத்திலும் இருப்பதாகவே கொள்ளப்படும். தனியாக நின்றால் கிடைக்காத சமம் கூட்டாக நின்றால் ஓரளவு கிடைக்கிறது.

ஒல்லாந்து நாடே தன் பழைய சட்டத்தை 1809இல் கைவிட்டு, சட்டக்கோவைக்கு மாறிவிட்டது. 1992இல் நடைமுறைக்கு வந்த அவர்களது புதிய கோவை, எழுதியிருப்பதோடு நியாயமும் நேர்மையும் கேட்பதும் ஒப்பந்தக்காரரைக் கட்டும் என்கிறது. ஒருவருடைய இக்கட்டையோ அனுபவமின்மையையோ பயன்படுத்தி வாங்கிய ஒப்பந்தத்தை நீக்கலாம் என்றும் சொல்கிறது. சட்டம் கல்லில் வெட்டியதல்ல என்பதற்கு இது சாட்சி.

கடைசியாக, இன்று உங்களை அழைத்த காரணம். தேயிலைச் செடிகளைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்கும் வெளியுற்பத்தியாளர் முறையைக் கம்பனிகள் முன்வைத்து வருகின்றன. ரோமர் காலத்திலிருந்தே சட்டம் இரண்டு விஷயத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. உழைப்பைக் கூலிக்குக் கொடுப்பது ஒன்று. வேலையை முடித்துத் தருவதாகக் குத்தகை பேசுவது மற்றொன்று. முதலாவதில் நாம் தொழிலாளி. இரண்டாவதில் நாம் கொந்தரப்புக்காரர்.

தொழிலாளிக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. தோட்டம் 12 வீதம், நாம் 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 வீதம். ஐந்து வருடம் வேலை செய்தால், நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை. கொந்தரப்புக்காரருக்கு இவற்றில் எதைக் கேட்க முடியும்? உரம் யார் செலவு, மழை இல்லாத மாதம் யார் நட்டம், லயக் காம்பரா யாருக்கு? இந்த முறையே கூடாது என்றோ கட்டாயம் வேண்டும் என்றோ இன்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதைச் சங்கம் பேசித் தீர்மானிக்கும். ஆனால் கடதாசியில் "தொழிலாளி" என்று இருக்கிறதா, வேறு பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒருவரும் கைவிரலை மையில் வைக்க வேண்டாம்.

வெற்றுக் கடதாசியில் கையெழுத்து வேண்டாம். தமிழில் தரச் சொல்லுங்கள். கடைசிப் பக்கம்வரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பிரதி வாங்கி வீட்டில் வையுங்கள். "இன்றைக்கே போட வேண்டும்" என்று அவசரப்படுத்தினால் அன்றைக்குப் போடவே போடாதீர்கள். கமிட்டித் தலைவரிடம் கொண்டு வாருங்கள். பாடசாலைக்குக் கொண்டு வந்தாலும் சரி. இனிமேல் மூன்றாம் பக்கத்தையும் வாசித்துவிட்டுத்தான் எங்கள் வாய் திறக்கும்.