கண்ணாடிக்குள் ஒரு கேள்வி



இரவு நேரத்தில் புகைவண்டி ஏதேனும் ஒரு சிறு நிலையத்துக்கு வெளியே நின்றுவிடுவதுண்டு. சன்னல் வழியே எட்டிப் பார்த்தால் தொலைவில் ஒரு சிவப்பு விளக்குத் தெரியும். ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு அந்த விளக்கு நன்கு பழகிய ஒன்று. சிவப்பாகவே ஒளிரும் புதுவகை மின்விளக்குகள் வருவதற்கு முன், அந்தச் சிவப்பு கண்ணாடியின் சிவப்பாகவே இருந்தது. காட்மியம், செலீனியம், கந்தகம் ஆகியவற்றைச் சேர்த்து உருக்கிய கண்ணாடி இத்தகைய சைகை விளக்குகளுக்குப் பெரிதும் பயன்பட்டது.

அந்தக் கண்ணாடியிலே ஒரு புதிர் இருந்தது. சேர்க்கும் பொருள்கள் அவையே. ஆயினும் உலையில் எவ்வளவு சூடேற்றினார்கள், எவ்வாறு ஆறவிட்டார்கள் என்பதைப் பொறுத்து ஒரு கண்ணாடி மஞ்சளாகும், மற்றொன்று சிவப்பாகும். கண்ணாடித் தொழிலாளர் இதைக் கைப்பழக்கத்தால் நன்கு அறிந்திருந்தனர். பொருள் மாறாதபோது நிறம் மட்டும் ஏன் மாற வேண்டும்? இந்த ஒரு வினாவை விடாது பற்றிய ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை இன்று நாம் காண்போம்.

அவர் பெயர் அலெக்ஸி எக்கிமோவ். ருஷ்ய நாட்டின் லெனின்கிராடு நகரில் 1945-ஆம் ஆண்டு பிறந்தவர். ஜெர்மானியப் படைகளின் நீண்ட முற்றுகையினின்று அந்நகரம் விடுபட்டு அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. அந்நகரத்துப் பல்கலைக்கழகத்திலே பௌதிகம் பயின்று 1967-இல் பட்டம் பெற்றார். பின் அங்குள்ள ஐயோஃபி பௌதிகத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ந்து 1974-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் குறைகடத்திகள். உலோகம் போல் மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தாமலும், பீங்கான் போல் முற்றும் தடுத்துவிடாமலும் இடைநிலையில் நிற்கும் பொருள்களையே இவ்வாறு அழைக்கிறோம். நம் வீட்டு வானொலிப் பெட்டி முதல் கைத்தொலைபேசி வரை யாவும் இவற்றின் துணையால் இயங்குவனவே.

குறைகடத்திகளைச் சோதிப்போர் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. பொருளின் மீது ஒளியைப் பாய்ச்சி, எந்த நிறத்தை அது உட்கொள்கிறது, எந்த நிறத்தை வெளியே விடுகிறது என்று அளப்பார்கள். அதைக் கொண்டு பொருளின் தன்மையையும் அதன் படிகங்கள் ஒழுங்காக உள்ளனவா என்பதையும் அறிவார்கள். எக்கிமோவ் இக்கலையில் தேர்ந்தவர். 1970-களின் பிற்பகுதியில் அவர் அதே நகரத்தின் வாவிலோவ் ஒளியியல் நிலையத்தில் பணியேற்றார். அங்கே அவர் முன் வந்தவை நிறக்கண்ணாடிகள். புது இடம், புதுப் பொருள். ஆயினும் பழைய இடத்தில் கற்ற அளவை முறையைப் புது இடத்துக் கண்ணாடியின் மீது அவர் செலுத்தினார். அவருடைய வெற்றிக்கு வித்து இதுவே என்று சொல்லலாம்.

தாமிரக் குளோரைடு என்னும் குறைகடத்தியைச் சிறிதளவு சேர்த்துக் கண்ணாடி வார்த்தார். அதனை 500 முதல் 700 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பத்தில் மீண்டும் சூடாக்கினார். ஒரு துண்டுக்கு ஒரு மணி நேரம்; மற்றொன்றுக்குப் பல மணி நேரம்; சிலவற்றுக்கு 96 மணி நேரம், அதாவது நான்கு பகலும் நான்கு இரவும். ஆறிய பிறகு எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தபோது, கண்ணாடிக்குள் தாமிரக் குளோரைடு மிக நுண்ணிய படிகங்களாகத் திரண்டிருப்பது புலனாயிற்று. கற்கண்டு விளையும் விதத்தை நாம் அறிவோம் அல்லவா? பாகினுள் சர்க்கரை சிறிது சிறிதாகச் சேர்ந்து கட்டியாவது போலவே, கண்ணாடிக்குள்ளும் அணுக்கள் சேர்ந்து படிகம் வளர்ந்தது. குறைவாகச் சூடேற்றிய துண்டில் படிகம் இரண்டு நானோமீட்டர் அளவே இருந்தது. மிகுதியாகச் சூடேற்றியதில் முப்பது நானோமீட்டர் வரை வளர்ந்திருந்தது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும்.

இனி ஒளியைப் பாய்ச்சினார். பெரிய படிகங்கள் சாதாரணத் தாமிரக் குளோரைடு உட்கொள்ளும் ஒளியையே உட்கொண்டன. படிகம் சிறுக்கச் சிறுக்க, உட்கொள்ளப்படும் ஒளி நீலப் பக்கமாக நகர்ந்தது. எனவே நிறத்தை முடிவு செய்ததில் பொருளுக்கு மட்டுமின்றி அளவுக்கும் பங்கு இருந்தது!

இதன் காரணத்தை வீணையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். தந்தி ஒன்றே, விரலால் அழுத்தி அதன் நீளத்தைக் குறைத்தால் சுருதி உயர்கிறது. படிகத்தினுள் உலவும் எலெக்ட்ரானும் அலையின் தன்மை உடையது. அது பரவி நிற்பதற்கு ஓர் இயல்பான இடம் வேண்டும். படிகம் அந்த இடத்தினும் சிறிதாகும்போது எலெக்ட்ரான் நெருக்கப்படுகிறது. அதன் சக்தி நிலை உயர்கிறது. உயர்ந்த சக்தி என்பது ஒளியில் நீலப் பக்கம். இவ்வாறு நிகழக்கூடும் என்று 1937-லேயே ஃப்ரோலிக் என்னும் பௌதிக அறிஞர் காகிதத்தில் கணித்திருந்தார். அதை வேண்டுமென்றே உண்டாக்கிக் காட்டியவர் எக்கிமோவ். ‘குவாண்டம் புள்ளி’ என்று இன்று உலகம் அழைக்கும் நுண்படிகங்கள் இவையே.

தம்முடன் உழைத்த ஒனுஷ்சென்கோவுடன் சேர்ந்து எக்கிமோவ் இம்முடிவுகளை 1981-ஆம் ஆண்டு ஒரு சோவியத் விஞ்ஞான ஏட்டில் ருஷ்ய மொழியில் வெளியிட்டார். இனிக் கடலுக்கு அப்பால் செல்வோம்.

அமெரிக்காவில் பெல் பரிசோதனைச்சாலையில் லூயிஸ் ப்ரூஸ் என்னும் ரசாயன அறிஞர் பணியாற்றிக்கொண்டிருந்தார். சூரிய ஒளியைக் கொண்டு ரசாயன மாற்றங்களை நிகழ்த்துவது அவருடைய நோக்கம். அதற்காகக் காட்மியம் சல்பைடு துகள்களைத் திரவத்தில் மிதக்கவிட்டிருந்தார். சிறிது காலம் மேசைமீது இருந்த கரைசலை அளந்தபோது அதன் ஒளித்தன்மை மாறியிருக்கக் கண்டார். துகள்கள் வளர்ந்திருக்க வேண்டும் என்று ஐயுற்றார். 4.5 நானோமீட்டர் அளவுள்ள துகள்களையும் 12.5 நானோமீட்டர் அளவுள்ள துகள்களையும் ஒப்பிட்டார். பெரியவை வழக்கமான ஒளியை உட்கொள்ள, சிறியவை நீலப் பக்கம் நகர்ந்திருந்தன. 1983-இல் அவர் இதனை வெளியிட்டார். லெனின்கிராட்டில் ஒருவர் இரண்டாண்டுக்கு முன்பே கண்ணாடிக்குள் இதையே கண்டிருந்தார் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எமக்கு, இந்த வரலாற்றில் மனத்தைத் தைத்த இடம் இதுவே. எக்கிமோவின் கட்டுரை வெளிவந்த ஏட்டுக்கு அமெரிக்காவிலேயே ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துகொண்டிருந்தது. ஆகவே சொற்கள் கடலைக் கடந்துவிட்டன. ஆனால் தேவையானவருடைய மேசையைச் சேரவில்லை. ஒருபுறம் பனிப்போரின் திரை. மறுபுறம் பௌதிகமும் ரசாயனமும் தனித்தனி அறைகளில் வாழும் வழக்கம். ஒரு கோப்பை மொழிபெயர்த்து முடித்துக் கையெழுத்திட்டவுடன் கடமை தீர்ந்தது என்று நினைப்பது எம் போன்றோர் இயல்பு. மொழிபெயர்ப்பு ஒரு பாலமானால், அதன்மீது நடந்து வர ஒருவர் வேண்டும் என்பதை எக்கிமோவின் கட்டுரை எமக்கு உணர்த்திற்று.

ஆயினும் இருவர் தனித்தனியே கண்டதனால் ஒரு நன்மையும் விளைந்தது. உறைந்த கண்ணாடியிலும் ஓடும் திரவத்திலும் ஒரே விதி தோன்றியதனால், அது ஏதோ ஒரு பொருளின் விசித்திரம் அன்று, இயற்கையின் பொதுவிதி என்பது உறுதியாயிற்று.

ஒரு குறை எஞ்சியிருந்தது. விளைந்த துகள்கள் ஒரே அளவில் அமையவில்லை. ஆகையால் நிறமும் தூய்மையாக இல்லை. இதைத் தீர்த்தவர் மௌங்கி பவெண்டி. பாரிஸில் 1961-இல் பிறந்த இவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தாம் எழுதிய முதல் ரசாயனத் தேர்வில் நூற்றுக்கு இருபது மதிப்பெண்ணே பெற்றதாகப் பிற்காலத்தில் தாமே சொல்லியிருக்கிறார். ப்ரூஸிடம் பயிற்சி பெற்றுப் பின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்த அவர், 1993-இல் தம் மாணவர்களுடன் ஒரு புதுமுறை கண்டார். சூடான திரவத்தினுள் மூலப்பொருள்களை ஒரே வீச்சில் செலுத்தினார். எண்ணற்ற படிகக் கருக்கள் ஒரே கணத்தில் தோன்றின. ஒரே நாளில் விதைத்த நாற்றங்கால் ஒரே உயரமாக நிற்பது போல, அவை யாவும் ஏறத்தாழ ஒரே அளவில் வளர்ந்தன. வேண்டிய அளவு வந்ததும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளலாம்.

இன்று சில வகைத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் நீல ஒளியைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றித் தருவன இப்புள்ளிகளே. உயிரணுக்களுக்குள் மூலக்கூறுகள் செல்லும் வழியைக் கண்டறியவும் ஆராய்ச்சியாளர் இவற்றை அடையாள விளக்காகக் கொள்கின்றனர். காட்மியம் நச்சுத்தன்மை உடையதாகையால், இந்தியம் பாஸ்பைடு போன்ற மாற்றுப் பொருள்களும் இப்பணிக்கு வந்துள்ளன.

எக்கிமோவ் என்ன ஆனார்? 1991-இல் சோவியத் நாடு கலைந்தது. லெனின்கிராடு மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆயிற்று. 1999-இல், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து நியூயார்க்கில் நுண்படிகங்கள் ஆராயும் நிறுவனம் ஒன்றில் பணியேற்றார். 2006-இல் அமெரிக்க ஒளியியல் சங்கத்தின் பரிசு ஒன்றை எக்கிமோவும், ப்ரூஸும், இதன் கொள்கையை வகுத்த ருஷ்ய அறிஞர் எஃப்ரோஸும் பகிர்ந்துகொண்டனர். 2023-ஆம் ஆண்டு ரசாயனத்துக்கான நோபெல் பரிசு எக்கிமோவ், ப்ரூஸ், பவெண்டி ஆகிய மூவருக்கும் அளிக்கப்பட்டது. கண்ணாடிக் கட்டுரை வெளியாகி அப்போது 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. முப்பத்தாறு வயதில் எழுதியதற்கு எழுபத்தெட்டாம் வயதில் உலகம் விடை எழுதியது.

நேயர்களே, நம்மில் பலர் பிழைப்பின் பொருட்டு ஓர் ஊரில் கற்றதை மற்றோர் ஊரில் பயன்படுத்தி வாழ்பவர்கள். ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டால், இதுவரை பழகியதெல்லாம் வீணாயிற்றே என்று வருந்துவோம். குறைகடத்திக் கூடத்தில் கற்ற அளவை முறையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியின் முன் அமர்ந்த எக்கிமோவை அப்போது நினைத்துக்கொள்ளலாம்.

நம் பிள்ளைகளோ பள்ளியில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் வீட்டில் தமிழும் பேசி வளர்கிறார்கள். இது குழப்பம் என்று கவலையுறும் பெற்றோரும் உளர். நாளை அவர்களுள் ஒருவர் தம் மேசைமீதுள்ள ஏடு ஒன்றோடு நின்றுவிடாமல், அடுத்த மொழியில் வந்த ஏட்டையும் புரட்டிப் பார்ப்பாரானால், கடலின் இரு கரையிலும் இருவர் ஒருவரையொருவர் அறியாது ஒரே வழியை நடக்கும் நிலை ஒன்றேனும் குறையும்.

அடுத்த முறை புகைவண்டி இருளில் நிற்கும்போது பிள்ளைகள் அந்தச் சிவப்பு விளக்கைக் காட்டி ஏதேனும் கேட்டால், விடை தெரியாவிட்டாலும் கேள்வியை அணைத்துவிடாதிருப்போம்.