பெயரிலே பொதிந்த அரசியல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பல்லாண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் உதவித்தொகைப் படிவம் நிரப்பியபோது, சாதிப் பெயரை உரக்கச் சொல்ல நாணிய மாணவன் ஒருவன் அதனைத் தாளில் எழுதிக் காட்டினான். நாமும் இளமையில் அவ்வாறு நின்றவர்தாம். ஒரு சொல் ஒருவனைத் தலைகுனியச் செய்யுமாயின், வேறொரு சொல் அவனை நிமிரவும் செய்யும். இதனை நம் தலைவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

1893-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசனார் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். பெயரை மறைத்து வாழ்பவன் உரிமை கேட்க இயலாது என்பது அவர்தம் வாதம். எம்.சி. ராஜா வேறு வழி கண்டார். 1922-இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயர் அரசு ஆவணங்களில் ஏறியது. இம்மண்ணின் முதற்குடியினர் நாம் என்ற உரிமைக்குரல் அச்சொல்லில் அடங்கியிருந்தது. வழி இரண்டாயினும், நமக்குப் பெயரிடும் உரிமை நம்முடையதே என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

காந்தியடிகள் ‘ஹரிஜன்’ என்றழைத்தார்; 1933-இல் அப்பெயரில் வார இதழும் தொடங்கினார். சாதி இந்துக்களின் மனச்சான்றை நோக்கிய சொல் அது. அதில் கருணை உண்டு, உரிமை இல்லை. நாம் கடவுளின் மக்களெனில் ஏனையோர் யாருடைய மக்கள்? 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அப்பெயரைச் சட்டத்தில் புகுத்த முற்பட்டபோது, அண்ணல் அம்பேத்கரும் அவர்தம் கட்சியினரும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தனர்.

அண்ணலின் வாதத்திறனை 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய உரையிற் காணலாம். சாசனம் நிறைவெய்திய மகிழ்ச்சியில் அவை திளைத்த வேளை அது. அரசியலில் சமத்துவம், சமூக பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வு என்னும் முரண்பாட்டுக்குள் 1950 சனவரி 26 அன்று நாடு நுழையப்போகிறது என அவர் எச்சரித்தார். இரு உண்மைகளை அருகருகே நிறுத்தினார். அவற்றின் முரண் தானே பேசியது. அரசியலில் தனிமனித வழிபாடு கேட்டுக்கு வழி என்றும் அன்றே உரைத்தார்.

இளைஞர்களே, மேடைப்பேச்சைக் கேட்கும்போது கைதட்டுமுன் மூன்று வினாக்களை மனத்துட் கேளுங்கள். இவர் நம்மை எப்பெயரால் அழைக்கிறார்? நமக்குரியதை உரிமை என்கிறாரா, உதவி என்கிறாரா? தம் கூற்றுக்கு ஆண்டும் கணக்கும் காட்டுகிறாரா? அண்ணலின் உருவப்படத்திற்கு மாலை சூட்டுவோர் பலர். அவருரையை முழுமையாகப் படித்தோர் சிலரே. அவ்வினாக்களை அவரைப் பற்றியும் நம் சொந்தத் தலைவர்களைப் பற்றியும் எழுப்பத் தயங்காதீர்கள். அதற்காகவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக நமக்கு எழுத்தறிவித்தது.