சிப்பியும் சல்லடையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

இத்தகைய விழாவில் காப்பியம் பற்றிப் பேசுவதே மரபு. நானோ தொடக்கப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எனவே, ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்கு நாம் வைக்கும் தேர்வுகளைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன். மூன்றாம் வகுப்புத் தேர்வில் 'நான்கு திசைகளை எழுதுக' என்றொரு வினா. மீனவர் வீட்டுச் சிறுவன் ஒருவன் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று எழுதியிருந்தான். விடைக்குறிப்பில் அவை இல்லை. நான் சுழியம் இட்டேன். காற்றை முகத்தில் வாங்கியே திசையறிந்த பிள்ளை அவன். அடுத்த தேர்வில் அவன் வெற்றுத்தாளை நீட்டினான். அந்தத் தாள் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இந்நோய் புதிதன்று. தேர்ச்சிக்கேற்ற மானியம் என்னும் முறை இங்கிலாந்தில் 1862இல் வந்தது. ஆய்வாளர் ஒவ்வொரு குழந்தையையும் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பார். அதற்குத் தக்கபடி பள்ளிக்குப் பணம் கிடைக்கும். பின்னர் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. பிள்ளையின் நாவில் ஆசிரியரின் சோறு தொங்கினால், அங்கே ஒப்பித்தல் நடக்குமேயன்றிக் கற்றல் நடக்காது.

எட்டாம் வகுப்பு முடியும்வரை பொதுத்தேர்வு கூடாது என்றது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 2019இல் அது திருத்தப்பட்டது. அவ்வாண்டே தமிழ்நாட்டில் 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. 2024 டிசம்பரில் நடுவணரசின் விதிகள் அவ்விரு வகுப்புகளிலும் பிள்ளைகளை நிறுத்திவைக்க இடமளித்தன. தமிழ்நாடு அதனை ஏற்கவில்லை.

"தேர்ச்சி தந்துகொண்டே போனால், எட்டாம் வகுப்பிலும் வாசிக்கத் தெரியாத பிள்ளை இருப்பானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நம் கடலே விடை வைத்திருக்கிறது.

முத்துக்குளிப்புக்கு முன்னர், பார்களிலிருந்து மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுத்துத் திறந்து மதிப்பிடுவார்கள். முதிரவில்லையென்றால் அந்தப் பாரை விட்டுவிடுவார்கள். பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பதோ முத்து கைக்கு வந்த பின்னரே. 1961இல் நடந்த கடைசிக் குளிப்பு வரையிலும் இளஞ்சிப்பியைச் சல்லடையில் இட்டவர் எவருமில்லை. திறந்த சிப்பி மீண்டும் கடலில் வளர்வதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

2021 நவம்பரில் மூன்றாம் வகுப்பையும் சேர்த்து நடந்த தேசிய அடைவு ஆய்வும் இத்தகைய மாதிரிச் சோதனையே. அங்கே தீர்ப்பு பாரின் மேலேயன்றிச் சிப்பியின் மேல் இல்லை. பாடமும் பயிற்சியும் போதுமா என்பதறிய அதுவே வேண்டுவது. தனியொரு பிள்ளை எங்கே தடுமாறுகிறான் என்பதை நாள்தோறும் அருகிருந்து பார்க்கும் ஆசிரியரே அறிவார். அதற்கு அவருக்கு வேண்டியவை நேரமும் சிறிய வகுப்பும்.

அச்சிறுவனின் விடைத்தாள் இன்று என் கைக்கு வருமானால் முழு மதிப்பெண் இடுவேன். பிறகு அவனை அருகழைத்து, வாடைக்குப் பக்கத்தில் வடக்கு என்றும் கொண்டலுக்குப் பக்கத்தில் கிழக்கு என்றும் எழுதிக் காட்டுவேன். அன்று நான் செய்யத் தவறிய பாடம் அவ்வளவுதான்.