ஊரிலிருந்து வந்த தம்பி

 

இன்று யாரையும் குறை சொல்லப் போவதில்லை. நம் அறக்கட்டளைக்குள் நடந்ததையே சொல்கிறோம்.

நமது லைன் வீடுகளில் ஒரு போர்ஷன் காலியானது. அசாமிலிருந்து வந்து, இங்கே சென்ட்ரிங் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் மனைவி மக்களுடன் குடியிருக்கக் கேட்டார். நம் பள்ளிவாசலில்தான் ஜும்ஆ தொழுகிறார். அட்வான்ஸ் தரச் சம்மதித்தார். ஆதார் நகலும் கொடுத்தார். ஆனாலும் கமிட்டியில் எழுந்த முதல் பேச்சு, "வடக்கத்தி ஆளா? நமக்கு எதுக்கு வம்பு?" என்பதுதான். நான்கு வாரம் பதில் சொல்லாமல் இழுத்தோம்.

அப்போது பெரியவர் ஒருவர் பேசினார். "கல்யாணமான புதுசுல இதே சென்னையில வீடு தேடி அலைஞ்சேன். வாடகையெல்லாம் பேசி முடிச்சு, கடைசியா பேரைக் கேப்பாங்க. பேரைச் சொன்னதும், 'ஊர்லேர்ந்து என் தம்பி வர்றான், வீடு அவனுக்கு வேணும்'பாங்க. ஒரே வாரத்துல மூணு வீட்டுக்காரங்களுக்கும் தம்பி வந்துட்டான்!"

சிரித்தோம். பிறகு யாரும் பேசவில்லை. அந்தத் 'தம்பி'யால் வீடு இழக்காத குடும்பம் நம்மில் எத்தனை? அதே தம்பியை இப்போது நாமே அழைத்து வந்திருந்தோம்.

இந்த நகரத்தின் மெட்ரோ ரயில் சுரங்கத்திலும் அடுக்குமாடிகளிலும் வடமாநிலத் தொழிலாளர்களின் வியர்வை இருக்கிறது. 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. அவை போலி என்று காவல்துறை அறிவித்தும், பயந்து ஊர் திரும்பியவர்கள் உண்டு. நம்மோடு ஸஃப்பில் நிற்பவரிடம் "பயமா இருக்கா, பாய்?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

முஸ்லிம்களுக்கு மட்டும் இந்தப் பரிவு என்று எண்ண வேண்டாம். குலம், கோத்திரம் பற்றிப் பேசும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆவது வசனம் முஃமின்களை மட்டுமல்ல, மனிதர்கள் அனைவரையும் அழைக்கிறது. பீகாரிலிருந்து வந்த இந்துத் தொழிலாளியும், முகத்தைப் பார்த்து 'சைனாக்காரி' என்று கேலி செய்யப்படும் மணிப்பூர்ப் பெண்ணும் அந்த அழைப்புக்குள் இருக்கிறார்கள்.

அபூதர் (ரலி) அவர்கள் கோபத்தில் ஒருவரை அவருடைய தாயின் பிறப்பைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். அந்த மனிதர் பிலால் (ரலி) என்று விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். உம்மிடம் அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அபூதர் (ரலி) சாதாரண மனிதரல்ல. ஆரம்பத்திலேயே ஈமான் கொண்டவர். அவரிடமே அது ஒட்டியிருந்தது என்றால் நாம் எம்மாத்திரம்? ஆனால் அவர் திருந்தியதைப் பாருங்கள். பிற்காலத்தில் தாம் உடுத்திய அதே போன்ற ஆடையைத் தம் பணியாளருக்கும் உடுத்தியிருந்தார்கள். புகாரியில் இது பதிவாகியிருக்கிறது.

அந்த வீட்டைச் சகோதரருக்கே கொடுத்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். தாமதத்துக்கு அவரிடம் மன்னிப்பும் கேட்டோம். இனி நம் வீடுகளுக்கு ஊர், மொழி, மதம் கேட்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

வீடு வாடகைக்கு விடுவோர் இதை யோசியுங்கள். மக்தபில் அவர் பிள்ளைகளை நம் பிள்ளைகள் 'வடக்கா' என்று கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல் நம் வீட்டுப் பேச்சிலிருந்துதான் போயிருக்கிறது. அதை இன்றே நிறுத்துவோம்.

அல்லாஹ் நம் உள்ளங்களைச் சீராக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.