பெயரில்லாத இசைத்தட்டு



நினைவுச் சொற்பொழிவில் தொலைதூர நாட்டு இசைக்குழு ஒன்றைப் பற்றி ஏன் பேசுகிறோம் என்று சிலர் நினைக்கலாம். எது இசை, எது இரைச்சல் என்று தீர்ப்பெழுதும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? பறையடித்தவர்களின் பிள்ளைகளான நமக்கு இது புதிய கேள்வியல்ல. அந்தக் காதோடுதான் நாம் லைபாக் குழுவைக் கேட்டோம்.

யூகோஸ்லாவியாவின் ஸ்லோவேனியக் குடியரசில் டிர்போவ்லே என்றொரு நிலக்கரிச் சுரங்க ஊர். 1924 ஜூனில், ஓர்யுனா என்ற தேசியவெறி அமைப்போடு அவ்வூர்த் தொழிலாளர்கள் மோதி உயிரிழந்தார்கள். அதே ஊரில் 1980இல் லைபாக் பிறந்தது. இயந்திர ஓசை, இராணுவ முரசு, இடையே டிட்டோவின் உரைத்துண்டு. மெட்டைத் தேடிப் போகும் காதுக்கு முதலில் எதுவும் பிடிபடாது.

அவர்கள் அரசை எதிர்த்து முழக்கமிடவில்லை. சீருடை அணிந்து, சிரிக்காமல் விறைத்து நின்று, அதிகாரத்தின் குரலையே இன்னும் உரக்கப் பேசினார்கள். வெளியே கைதட்டி உள்ளுக்குள் சிரித்துக்கொள்ளும் குடிமக்களை அரசு சகித்துக்கொள்ளும்; தன் சொல்லை அப்படியே நம்பி நிற்பவர்களைக் கண்டுதான் அது தடுமாறும். ஸ்லாவோய் ஜிஜெக் இக்குழுவைப் பற்றிச் சொன்னதன் சாரம் இதுதான்.

லைபாக் என்பது லுப்லியானா நகரின் ஜெர்மன் பெயர். நாஜி ஆக்கிரமிப்பை நினைவூட்டும் பெயர். 1983இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலுக்குப் பிறகு அந்தப் பெயருக்குத் தடை வந்தது. 1985இல் அவர்களுடைய முதல் தொகுப்பு லுப்லியானாவில் பெயரில்லாமலே வெளியானது. 1987 வரை இந்த நிலைதான்.

இங்கே நாம் அவசரப்பட்டுக் கைதட்டிவிடக் கூடாது. நாஜிகளை எதிர்த்துப் போரிட்ட முதியவர்களுக்கு அந்தப் பெயர் உண்மையிலேயே வலித்தது. ஒடுக்கியவனின் சொல்லை ஒருவர் முகம் மாறாமல் திருப்பிச் சொல்லி அதைக் கலை என்னும்போது, அடி முதலில் யார் மேல் விழுகிறது? சாதிப்பெயரை வசைச்சொல்லாகக் கேட்டு வளர்ந்த நமக்கு அது தெரியும். சீருடையை மேடை முடிந்ததும் கழற்றிவிடலாம். சாதி அப்படிக் கழற்றி வைக்கக்கூடிய உடுப்பல்ல.

ஆனாலும் அந்த முதியவர்களின் வலியும் அரசின் தடையும் ஒன்றல்ல. வலித்தவர்கள் பதில் கேட்டார்கள். அரசோ அந்த வலியைத் தன் உத்தரவுக்கு முத்திரையாக்கிக்கொண்டது. நம் காயத்தைக் காட்டி இன்னொருவர் வாயை அடைக்க எந்த அரசுக்கும் நாம் அனுமதி தரவில்லை. காயப்படுத்திய கலையை நாமே கேள்வி கேட்போம்; அதற்குக் காவல்துறை வேண்டாம்.

இந்த இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு கேட்பது கடினம்தான். ஒரே மூச்சில் ரசிப்பதும் ஒரே மூச்சில் ஒதுக்குவதும் எளிது. எளிதானதைச் செய்ய அமைப்பு எதற்கு, தோழர்களே? கேட்போம், வாதிடுவோம், மறுபடியும் கேட்போம்.

ஜெய்பீம்.