கேமரா ஆப் யாரோட ஃபோன்ல இருக்கு?

வீட்டுக்கு ஸ்மார்ட் கேமரா வாங்கப் போறவங்க என்கிட்ட பெரும்பாலும் கேக்கற முதல் கேள்வி, "இதை ஹேக் பண்ண முடியுமா?" நியாயமான கேள்விதான். இன்னைக்கு அதுக்கு பதில் சொல்லிட்டு, அவ்வளவா யாரும் கேக்காத இன்னொரு கேள்விக்கு வரேன். அந்த கேமராவோட ஆப் யாரோட ஃபோன்ல இருக்கு?

முதல்ல ஹேக்கிங். 2016 அக்டோபர் 21 அன்னைக்கு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட், ஸ்பாட்டிஃபை மாதிரி பெரிய தளங்கள் அமெரிக்காவில் பல பேருக்கு மணிக்கணக்கில் திறக்கவே இல்லை. நாம ஒரு தளத்தோட பேரை டைப் பண்ணா, அது எந்த சர்வர்ல இருக்குன்னு வழிகாட்டற நிறுவனங்கள் இருக்கு. அதில் ஒண்ணான டைன் மேல நடந்த தாக்குதல் அது. தாக்கினது என்ன தெரியுமா? வீட்டிலும் கடையிலும் மாட்டியிருந்த சிசிடிவி கேமராக்கள், டி.வி.ஆர் பெட்டிகள், வைஃபை ரவுட்டர்கள்.

அதுக்குள்ள புகுந்த மால்வேர் பேரு மிராய். பெரிய வித்தை எதுவும் அதுகிட்ட இல்லை. கம்பெனிகள் ஃபேக்டரியிலேயே போட்டு அனுப்பற அறுபது சொச்சம் யூசர்நேம், பாஸ்வேர்ட் ஜோடிகளை கையில் வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு கருவியா தட்டிப் பார்த்தது. அட்மின், அட்மின். ரூட், 123456. திறந்தா உள்ளே போயிடும். எழுதினது அமெரிக்க இளைஞர்கள் மூணு பேர். மைன்கிராஃப்ட் கேம் சர்வர் நடத்தறவங்களுக்குள்ள இருந்த வியாபாரப் போட்டியில்தான் இது வளர்ந்தது. தாக்குதலுக்கு முன்னாடியே அதோட கோடை இணையத்தில் போட்டுட்டாங்க, அதனால யார் வேணும்னாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்னு ஆச்சு. 2017 டிசம்பரில் மூணு பேரும் குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க.

இதில் கவனிக்க வேண்டியது, கேமரா வழக்கம்போல வேலை செஞ்சுக்கிட்டே இருந்தது. சொந்தக்காரருக்கு எதுவுமே தெரியலை. அதனால வாங்கின அன்னைக்கே பாஸ்வேர்டை மாத்துங்க. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29-லிருந்து, எல்லாக் கருவிக்கும் ஒரே மாதிரி சுலபமான பாஸ்வேர்ட் போட்டு விக்கறதே சட்டப்படி தப்பு.

சரி, பாஸ்வேர்ட் மாத்தியாச்சு. வெளியாள் வர முடியாது. ஆனா கம்பெனிக்கு உள்ளே இருக்கறவங்க?

அமேசானுக்குச் சொந்தமான ரிங் கேமரா கம்பெனி மேல, அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 மே மாதம் ஒரு வழக்கு போட்டது. ரிங் ஊழியர் ஒருவர், படுக்கையறை, குளியலறை மாதிரி இடங்களில் இருந்த கேமராக்களில் பதிவான பெண் வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான வீடியோக்களைப் பார்த்தார், பல மாதங்களுக்கு அவரை யாரும் தடுக்கலைங்கறது அதில் ஒரு குற்றச்சாட்டு. ரிங் அதை ஏத்துக்கலை. ஆனா 58 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடிச்சுக்கிட்டது. இங்கே யாரும் எதையும் ஹேக் பண்ணலை. உள்ளே போற அனுமதி அந்த ஊழியருக்கு ஏற்கெனவே இருந்தது.

இப்போ மூணாவது வட்டத்துக்கு வரலாம். நம்ம வீடு. இங்கேயும் அதே கதைதான், யாருக்கு அனுமதி இருக்குங்கறதுதான் விஷயம்.

ஹால்ல ஒரு கேமரா. ஆப் இருக்கறது பையனோட ஃபோன்ல. அந்த ஹால்ல பகல் முழுக்க இருக்கறது யாரு? அம்மா, பாட்டி, சமையல் பண்ற அக்கா. அவங்க ஃபோன்ல ஆப் இல்லை. எத்தனை நாள் ரெக்கார்டிங் சேமிப்பில் இருக்கும்னு தெரியாது. மைக் இருக்குன்னே தெரியாம இருக்கலாம். ஸ்மார்ட் ஸ்பீக்கரும் அப்படித்தான். யார் என்ன கேட்டாங்கங்கற பதிவு, அக்கவுன்ட் வெச்சிருக்கறவர் ஃபோன்ல. ஸ்மார்ட் பூட்டு? யார் எத்தனை மணிக்கு வந்தாங்கங்கறதும் அதே ஃபோன்லதான்.

"நல்லதுக்குத்தானே வெச்சிருக்கோம்"னு சொல்வீங்க. உண்மை. வயசான அப்பா தனியா இருக்கார், விழுந்தா தெரியணும். குழந்தையை ஆயாம்மாகிட்ட விட்டுட்டு ஆபீஸ் போறோம். இந்தக் கவலை எல்லாம் நிஜம். ஆனா பார்க்கப்படறவங்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு. கேமரா இருக்கற ஹால்ல அம்மா தன் தங்கச்சிகிட்ட மனசு விட்டுப் பேச மாட்டாங்க, ஃபோனை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போவாங்க. வேலை செய்யற அக்கா கால் வலிச்சாலும் உக்கார யோசிப்பாங்க. அவங்க யாரும் "வேண்டாம்"னு வாய் திறந்து சொல்லவும் மாட்டாங்க.

சட்டம் என்ன சொல்லுது? 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தனிநபர் தன் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதம் இல்லாமல் படம் பிடித்தால் மூணு வருஷம் வரை சிறைன்னு சொல்லுது. ஆனா ஹால்ல உக்காந்து பேசறது அதுக்குள்ள வராது.

அதுக்காக சட்டம் கையை விரிச்சிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-ல் சொல்லியாச்சு. ஒரே வீட்டில் இருந்த ரெண்டு சகோதரர்களுக்கு நடுவில் வந்த கேமரா வழக்கில், கூட வசிக்கறவரோட சம்மதம் இல்லாம குடியிருக்கும் பகுதியில் கேமராவை இயக்கக் கூடாதுன்னு கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-ல் சொன்னது. அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துடுச்சு. ஆனா சமையல் பண்ற அக்கா இதுக்காக கோர்ட்டுக்குப் போவாங்களா? அதனால வேலை நம்ம கையில்தான் இருக்கு.

இந்த வாரம் நாலு விஷயம் பண்ணுங்க.

ஒண்ணு, ஆப்பைத் திறந்து யார் யாருக்கு ஷேர் ஆகியிருக்குன்னு பாருங்க. கேமரா மாட்ட வந்தவர் தன்னோட நம்பர்லயே அக்கவுன்ட் ஆரம்பிச்சிருக்கலாம். ரூமைக் காலி பண்ணிட்டுப் போன பழைய நண்பர் இன்னும் லிஸ்ட்ல இருக்கலாம். தூக்கிடுங்க. பாஸ்வேர்டை மாத்தி, ஓடிபி கேக்கற இரண்டு கட்ட லாகினையும் ஆன் பண்ணுங்க.

ரெண்டு, கேமராவை வாசல் பக்கம் திருப்புங்க. பயம் திருடனைப் பத்தின்னா, அவன் வர்ற வழியைப் பார்த்தா போதும். தேவை இல்லைன்னா மைக்கை ஆஃப் பண்ணுங்க.

மூணு, வீட்டில் இருக்கறவங்களை உக்கார வெச்சு ஆப்பைக் காட்டுங்க. "இவ்வளவுதான் தெரியும், இத்தனை நாள்தான் இருக்கும், வேண்டாம்னா இப்படி ஆஃப் பண்ணலாம்"னு சொல்லிக் கொடுங்க. வேலைக்கு வர்றவங்களுக்கு முதல் நாளே சொல்லுங்க.

நாலு, வாடகை வீட்டுக்குப் போனா பழைய ரவுட்டர், பூட்டு, கேமரா எதுவா இருந்தாலும் ஃபேக்டரி ரீசெட். நீங்க காலி பண்ணும்போதும் அதேதான்.

இதில் மூணாவதுதான் கஷ்டம். காட்டின பிறகு அம்மா "இது வேண்டாம்ப்பா"ன்னு சொன்னா என்ன பண்ணுவீங்கன்னு முன்னாடியே யோசிச்சு வெச்சுக்குங்க. உங்க வீட்டில் என்ன பதில் வந்ததுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.